மிஸ் அடிக்கும் பழைய படகு எஞ்சின்: காவேரிப்பாக்கம் ஏரியில் ஒரு பழுதுபார்ப்பு

ஸ்டார்ட்டே ஆகாத எஞ்சினைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ஏதோ ஒன்று முழுசாக நின்றுபோயிருக்கும், தேடினால் கிடைத்துவிடும். ஸ்டார்ட் ஆகி, புகை விட்டு, ஓடவும் ஓடி, நடுவில் மிஸ் அடித்து இழுக்காமல் போகிற எஞ்சின்தான் ஆளைச் சோதிக்கும். அதைப் பார்த்ததும் பத்தில் ஒன்பது பேருடைய கை கார்பரேட்டருக்குத்தான் போகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழுகிற அழுத்தம்), அடுத்து ஸ்பார்க், அதற்கப்புறம்தான் பெட்ரோல். கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். இந்த வரிசை எவ்வளவு உபயோகமானது என்பதை ஒரு படகு எஞ்சின் எனக்கு நன்றாகவே காட்டியது.

வேலூர் என்றாலே தண்ணீர் இல்லாத ஆறு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். இங்கே படகு எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் காவேரிப்பாக்கம் ஏரியை நிரம்பியிருக்கும்போது பார்த்ததில்லை. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி அது. வாலாஜா பக்கம் பாலாற்றில் உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. 2019-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது, ஆனாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட பிறகு இந்தப் பக்கத்து ஏரிகளில் மீன் பிடிப்பவர்களுக்கு நல்ல காலம் வந்தது. ஏரி ததும்பி நிற்கும்போது கழி ஊன்றினால் தரை எட்டாது. மதியத்துக்கு மேல் காற்று எழுந்தால் துடுப்பு போடுகிறவன் தோள் கழன்றுவிடும். என் அக்கா வீட்டுக்காரர் அங்கே மீன் தொழிலில் இருக்கிறார். வலை பார்த்துவரவும், கரையோரம் வந்து அடைக்கிற ஆகாயத்தாமரையைக் கட்டி இழுக்கவும் காசிமேட்டிலிருந்து பழைய 15 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை வாங்கிவந்தார். கடற்கரையில் ஓ.பி.எம். என்பார்களே, படகின் பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார், அதுதான். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, பாயின்ட் வைத்த பழைய மேக்னட் இக்னிஷன்.

"இழுக்கவே மாட்டேங்குது மச்சான். அப்பப்போ ஒரு செகண்டு பிச்சிக்கினு போகுது, அப்புறம் பொத்துனு உட்கார்ந்துடுது" என்றார் மாமா. அதற்கு முன்பே ஒரு பட்டறையில் கார்பரேட்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டியிருந்தார்கள். ஸ்க்ரூ தலையெல்லாம் தேய்ந்து, ஒன்றில் மரை போயிருந்தது. காசும் வாங்கிக்கொண்டார்கள், எஞ்சின் மட்டும் அப்படியே இருந்தது.

எஞ்சினை என் கடைக்கு எடுத்துவந்து கட்டையடித்த ஸ்டாண்டில் மாட்டி, இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினின் காலை, அதாவது விசிறி இருக்கிற கீழ்ப்பகுதியை, அதற்குள் இறக்கினோம். படகைத் தள்ளுகிற அந்த விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும், தண்ணீர் அதற்கும் மேலே நிற்க வேண்டும். டிரம்மில் ஓட்டுவதானால் விசிறியைக் கழற்றிவிடுங்கள். சுற்றி நிற்பவர்களில் எப்போதும் ஒருவர் உள்ளே கைவிட்டுப் பார்க்கிற ஆளாக இருப்பார். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள். கீழே இருக்கிற தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லருக்கு அந்தத் தண்ணீர்தான் வழுவழுப்பு. காய்ந்தால் இதழ்கள் கருகிவிடும், பிறகு எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடிக்கும்.

இரண்டு சிலிண்டர் எஞ்சின் தடுமாறினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரண்டும் தடுமாறுகிறதா, ஒன்று மட்டுமா? இதற்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வேண்டாம். ஷாக் அடிக்கும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற காயிலும் போகலாம். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரை எடுத்து எஞ்சின் உடம்போடு எர்த் ஆகும்படி மாட்டிவிட்டு, இன்னொரு சிலிண்டரில் மட்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். இந்த எஞ்சின் மேல் சிலிண்டரில் மட்டும் ஓடியது, ஓட்டத்தில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. கீழ் சிலிண்டரில் மட்டும் விட்டபோது கயிறு இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். ஆக கீழ் சிலிண்டர் சும்மா கூட வந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் பிளக்கும் பெட்ரோலில் நனைந்து, கறுத்து, ஒழுகுகிற நிலையில் இருந்தது. நனைந்த பிளக் சொல்கிற சேதியைக் கவனியுங்கள். பெட்ரோல் அந்த சிலிண்டருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, எரியவில்லை, அவ்வளவுதான். இது தெரிந்த பிறகும் கார்பரேட்டரைப் போய்க் கிண்டுவதில் அர்த்தமில்லை.

கம்ப்ரஷன் கேஜ் மாட்டினேன். இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, வயர் இரண்டையும் எர்த் செய்து, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிறு இழுக்க வேண்டும். மேலே 105, கீழே 100 பி.எஸ்.ஐ. வந்தது. இங்கே பார்க்க வேண்டியது எண்ணின் பெருமையை அல்ல, இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மேற்கொண்டு போகலாம். கடலில் ஓடிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய்க்கென்று செய்தவையும் உண்டு, அவற்றில் கம்ப்ரஷனே குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். அதனால் வெறும் எண்ணைப் பார்த்து எஞ்சின் செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஒன்று 100, இன்னொன்று 60 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஹெட்டையும் ரிங்கையும் பார்க்க வேண்டும். பிளக், காயில் என்று மாற்றிக்கொண்டே போவது காசுக்குக் கேடு.

அடுத்தது ஸ்பார்க். பிளக்கை வெளியே எடுத்து உடம்பில் சாய்த்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அது நம்பத்தக்க சோதனை இல்லை. திறந்த காற்றில் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டுகிற ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாமல் போகலாம். இடைவெளியை மாற்றி வைக்கிற ஸ்பார்க் டெஸ்டர் மலிவாகவே கிடைக்கிறது. அதில் ஆறு மில்லிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மேல் சிலிண்டரின் ஸ்பார்க் நீலமாக, சத்தத்தோடு தாண்டியது. கீழே மஞ்சளாக, நூல் போல, இரண்டு சுற்றுக்கு ஒன்று விட்டுவிட்டு வந்தது. இதைச் செய்யும்போது பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். டெஸ்டரைத் தள்ளி மாட்டுங்கள், ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். பிளக்குகளை மேல் கீழ் மாற்றிப் போட்டாலும் கோளாறு கீழேயே இருந்தது, ஆகவே பிளக் மேல் குற்றமில்லை.

ஸ்பார்க்கை உண்டாக்குகிற பாகங்கள் ஃப்ளைவீலுக்கு அடியில்தான் இருக்கின்றன, இனி அதைத் தூக்கியாக வேண்டும். இதற்குப் புல்லர் இல்லாமல் இறங்காதீர்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கிராங்க் வளைந்தால் எஞ்சினையே எடைக்குப் போட வேண்டியதுதான். வீலை எடுத்ததும் அடியில் வீலைத் தண்டோடு பூட்டி வைக்கிற சின்ன அரைவட்டச் சாவியைப் பாருங்கள். அது கொஞ்சம் வெட்டுப்பட்டு நகர்ந்திருந்தாலே டைமிங் மாறி, எஞ்சின் தடுமாறும். இதில் சாவி சரியாகத்தான் இருந்தது.

வீலுக்கு அடியில் இரண்டு பாயின்ட், இரண்டு கண்டன்சர், இரண்டு காயில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு செட். பாயின்ட் என்பது மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற இரண்டு முனைகள், அவை பிரியும்போது அங்கே பொறி பறக்காமல் பார்த்துக்கொள்வது கண்டன்சர். கீழ் சிலிண்டரின் பாயின்ட் முகத்தில் சாம்பல் நிறப் படிவும் ஒரு பக்கம் சின்னக் குழியும் இருந்தன. பாயின்ட்டைச் சுத்தம் செய்து மூடிவிட்டிருந்தால் எஞ்சின் சில நாள் ஓடியிருக்கும். ஆனால் மாமா சொன்ன அந்த 'ஒரு செகண்டு பிச்சிக்கினு போகிற' சமாசாரம் எனக்கு உறுத்தியது. குழி விழுந்த பாயின்ட் எப்போதும் ஒரே மாதிரிதான் கெடுக்கும், ஆக்ஸிலேட்டருக்குத் தகுந்தாற்போல் வந்து வந்து போகாது.

இந்தப் பழைய எஞ்சின்களில் ஒரு விஷயம் உண்டு, பைக்கில் பழகியவர்களுக்குப் புதிது. பாயின்ட்டும் காயிலும் உட்கார்ந்திருக்கிற வட்டத் தகடு நிலையாக நிற்பதில்லை. ஆக்ஸிலேட்டரைத் திருப்பத் திருப்ப அந்தத் தகடும் கொஞ்சம் சுற்றி டைமிங்கை முன்னே கொண்டுபோகும். தகடோடு அதன் வயர்களும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும். அக்கா பையனைக் கூப்பிட்டு, "நான் சொல்லும்போது மெதுவா ஆக்ஸிலேட்டரைத் திருப்புடா" என்றேன். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கண்டன்சர் வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துத் தொடர்ச்சி பார்த்தேன். கால்வாசி வரை மீட்டர் விடாமல் கத்தியது. அரைவாசி வந்ததும் சத்தம் நின்றது. இன்னும் திருப்பினால் திரும்பவும் கத்தியது. "மறுபடியும் திருப்பட்டுமா மாமா?" என்று அவனே ஆர்வமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வயரின் உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துப்போய், மூன்று நான்கு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் வருஷக்கணக்காக இருந்ததன் விளைவு. வெளியே பார்த்தால் உறை புத்தம்புதுசாகத் தெரியும்.

கண்டன்சர் வேலை செய்யாவிட்டால் பாயின்ட் பிரியும்போது அங்கேயே தீப்பொறி பறந்து முகம் கருகும், காயிலில் போதிய வோல்டேஜ் எழாமல் ஸ்பார்க் மஞ்சளாகும். ஆக பாயின்ட்டில் இருந்த குழி வயரால் வந்தது. பாயின்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் அதே வழியில் போயிருக்கும்.

வயரைப் புதிதாகப் போட்டு ஈயம் வைத்து, ஸ்லீவ் மாட்டி, தகடு முழுசாகச் சுற்றினாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விட்டேன். பாயின்ட், கண்டன்சர் இரண்டும் ஜோடியாக மாற்றினேன். இடைவெளி இந்த எஞ்சினுக்கு 0.35 மில்லிமீட்டர், உங்களுடையதற்கு அதன் கையேட்டில் உள்ளதை வையுங்கள். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டில் எண்ணெய் ஒட்டியிருந்தால் அந்த எண்ணெய் பாயின்ட் முகத்தில் ஒட்டிக்கொள்ளும், அதுவே மிஸ்ஸிங்குக்குப் போதும். கடைசியாக ஒரு விசிட்டிங் கார்டைத் தின்னரில் தொட்டு இரண்டு முகத்துக்கும் நடுவில் இழுத்துவிடுங்கள், கார்டு கறுக்காமல் வரும்வரை. உப்புத்தாள் தேய்த்தால் அதன் மணல் அங்கேயே பதிந்து நிற்கும், அதை நான் சேர்ப்பதில்லை.

டிரம்மில் ஓட்டினோம். இரண்டு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் டிரம்மில் எஞ்சினுக்குப் பாரம் கிடையாது. ஏரியில் இறக்கி, இரண்டு ஆள் ஏறி, காற்றுக்கு எதிரே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏரியில் கொஞ்ச தூரம் அருமையாகப் போனது. பிறகு வேகம் மெல்ல இறங்கி, ஏறி, இறங்கியது. இது முதலில் இருந்த மிஸ்ஸிங் இல்லை. ஸ்பார்க் கோளாறு வெடுக்கென்று வெட்டும், பெட்ரோல் குறைவு மூச்சு வாங்குகிற மாதிரி அலைந்து அலைந்து வரும். அந்த வித்தியாசத்தைக் காது பழகிக்கொண்டால் பாதி வேலை மிச்சம். டேங்கிலிருந்து வரும் பைப்பின் நடுவில் ரப்பர் பல்ப் இருக்கிறதே, அதை அமுக்கச் சொன்னேன். அமுக்க அமுக்க எஞ்சின் எழுந்தது, விட்டால் சோர்ந்தது.

பல்பைத் தொட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். அது சப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. மூடியில் இருக்கிற காற்று ஸ்க்ரூ திறந்திருக்கிறதா, உள்ளே வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சப்பாமல் தொளதொளவென்று இருந்து, அமுக்கினால் மட்டும் எஞ்சின் எழுகிறது என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது எஞ்சினில் இருக்கிற பெட்ரோல் பம்ப் சோர்ந்துவிட்டது. இங்கே பல்ப் தொளதொளத்தது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓட்டினேன். பெட்ரோலோடு வரிசையாகக் காற்றுக்குமிழி வந்தது கண்ணுக்கே தெரிந்தது. எஞ்சினில் பைப்பைச் செருகுகிற கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் உப்பி, விரிந்து, வடிவமே போயிருந்தது. பெட்ரோல் வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஏனென்றால் ஓடும்போது அங்கே உறிஞ்சல்தான், அழுத்தம் இல்லை. காற்று உள்ளே போகும், பெட்ரோல் வெளியே வராது. பம்பைப் பிரித்தபோது பெட்ரோலைத் தள்ளுகிற ரப்பர் சவ்வான டயாஃப்ரம் காய்ந்த இலைபோல விறைத்திருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு காற்றுக்கு எதிரே மறுகரை வரை ஒரே சீராகப் போனது.

இன்று பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்கென்று செய்ததில்லை. பழைய எஞ்சின் வாங்கினால் பைப், பல்ப், ஓ-ரிங், டயாஃப்ரம் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மிஞ்சிப்போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோலைப் படகில் ஊற்றாதீர்கள். நம் ஊர் வெயில் வேறு. காற்று ஸ்க்ரூவை மூடிவிட்டு டேங்கை வெயிலில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பெட்ரோல் கார்பரேட்டரைத் தாண்டி உள்ளே போய் எஞ்சினை நனைத்துவிடும். கரையில் நிற்கும்போது பைப்பைக் கழற்றிவிட்டு, டேங்க் மேல் ஈரச்சாக்கு போடுங்கள்.

கார்பரேட்டரைக் கடைசியில்தான் திறந்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடி, வேறு ஒன்றும் இல்லை. பெட்ரோலை அளந்துவிடுகிற சின்ன ஓட்டையான ஜெட்டில் கம்பி விடவே கூடாது, பித்தளை இளகின உலோகம், ஓட்டை அகன்றால் பெட்ரோல் கூடிப்போகும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும், தேவைப்பட்டால் பிரஷ்ஷின் நைலான் முடி. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை முட்டவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். கடைசி செட்டிங்கைத் தண்ணீரில், கியரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரையில் வைத்த செட்டிங் பாரத்தில் நிற்காது.

எண்ணெய் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பைக்குக்கு ஊற்றுகிற 2டி எண்ணெய் காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு. படகு எஞ்சின் தண்ணீரில் குளிர்வது, மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுவது. அதற்கு டி.சி.-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கிற சாம்பல் இல்லாத எண்ணெய் வேண்டும். பைக் எண்ணெயில் ஓடினால் பிளக்கிலும் ரிங்கிலும் படிவு சேரும், மறுபடி மிஸ்ஸிங். வேலூரில் தேடி அலைந்து கிடைக்காமல் சென்னையிலிருந்துதான் வரவழைத்தோம். இந்த எஞ்சினுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. இன்னும் பழைய எஞ்சின்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கும், கையேட்டைப் பாருங்கள்.

ஏரிக்கென்று இரண்டு தொல்லை. ஒன்று பாசியும் ஆகாயத்தாமரை வேரும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை மூடிக்கொள்ளும். பின்பக்கம் பீய்ச்சுகிற தண்ணீரை ஓட்டுகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும், நூலாக மெலிந்தால் உடனே நிறுத்தி வழியுங்கள். இன்னொன்று வலை. நைலான் நூல் விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டால் உள்ளே போய் எண்ணெய் சீலை அறுக்கும், தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகும். கியர் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் அதுதான் காரணம். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறிப் படகு நகராவிட்டால் அது மிஸ்ஸிங் இல்லை, விசிறியின் நடு ரப்பர் வழுக்குகிறது அல்லது விசிறியைத் தண்டோடு பிடிக்கிற பின் (ஊசி) அறுந்திருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏறக்கூடாது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஏரிதானே என்பது பெரிய ஆபத்தான வார்த்தை. எஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு ஓட்டுகிறவர் மணிக்கட்டில்தான் இருக்க வேண்டும், கைப்பிடியில் சுற்றி வைத்திருந்தால் பிரயோஜனமில்லை. துடுப்பு, பிளக் ஸ்பேனர், காய்ந்த பிளக் இரண்டு, விசிறிப் பின் இவை எப்போதும் படகில் இருக்கின்றன.

கோடையில் ஏரி வற்றி எஞ்சினுக்கு வேலை இல்லாமல் போகும்போது, பைப்பைக் கழற்றிவிட்டு டிரம்மில் ஓட்டிக் கார்பரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை விடுகிறோம். பிளக்கைக் கழற்றி இரண்டு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கயிறை மெல்ல இழுத்துச் சுற்றிவைக்கிறோம். கியர் ஆயிலை அடி ஸ்க்ரூவில் இறக்கி, புதுசை அதே அடி ஓட்டை வழியாக மேல் ஓட்டையில் வழியும்வரை ஏற்றுகிறோம். பிறகு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துவது. இடமில்லாமல் படுக்கவைத்தால் தலைப்பகுதி எப்போதும் கால் பகுதியைவிட உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கீழே தங்கிய தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.